குடியை நிறுத்த நினைப்பவருக்கு: ஏ.ஏ. கூட்டத்தைக் கண்டுபிடித்து முதல் நாள் போவது எப்படி?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குடிநோயாளிகளின் அமைப்பு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. வரலாற்றைச் சொல்லும் பக்கங்கள் நிறைய உண்டு. இன்று சாயங்காலம் எந்தத் தெருவுக்குப் போய் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லும் பதிவுதான் நான் தேடியபோது கண்ணில் படவில்லை. தமிழ்நாட்டுக் கூட்டங்களுக்குப் போய்வருபவன் என்ற முறையில் அதை எழுதுகிறேன்.

முதலில் உடம்பு

காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர்கள் தாங்களாகவே திடீரென்று நிறுத்த வேண்டாம். நிறுத்திய இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவரைப் பாருங்கள். கூட்டம் மருந்துக்கு மாற்று இல்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் தொடர்பு எண்கள் இருக்கின்றன. நெட் பார்க்கத் தெரியாதவர்கள் 14446க்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை. குடிநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் ஆலோசகரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

முகவரி கிடைத்ததும் மேப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். போன் செய்யுங்கள். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஏ. குழுக்களுக்குப் பெரும்பாலும் சொந்த இடம் கிடையாது. சர்ச் வளாகத்தில் ஒரு அறை, பள்ளியில் ஒரு வகுப்பறை என்று கேட்டு வாங்கித்தான் நடத்துகிறார்கள். பரீட்சை, திருவிழா என்றால் அறை மாறும், நேரமும் மாறும். வருகிறவர்களின் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்பதால் வாசலில் பெரிய போர்டும் இருக்காது. நான் முதலில் போன இடம் ஒரு பள்ளி. மெயின் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேனுக்கு ஏ.ஏ. என்றால் என்னவென்று தெரியவில்லை. கூட்டமோ பக்கத்துச் சந்தின் சின்னக் கேட் வழியாகப் போனால் மாடியில் நடந்துகொண்டிருந்தது. அந்த வேளையில் குடித்துப் பழகிய உடம்பு, திரும்பிப் போக ஒரு சாக்குத் தேடிக்கொண்டேதான் இருக்கும். பூட்டிய கேட் ஒன்று போதும். டாஸ்மாக்கும் இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது.

போனில் நீட்டிப் பேச வேண்டியதில்லை. "மீட்டிங் வரணும், முதல் தடவை. இன்னிக்கு எங்கே, எந்த கேட்? வாசலுக்கு யாராவது வர முடியுமா?" அவ்வளவுதான். எடுப்பவரும் ஒரு குடிநோயாளிதான். உங்கள் குரல் குழறினாலும் நடுங்கினாலும் அவருக்குப் புரியும். முழுப் பெயர், வேலை, சாதி எதையும் கேட்கமாட்டார். ஆள் வாசலில் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் கால் தானாகப் போகும். போகிற வழியில் உங்கள் வழக்கமான கடை இருந்தால், சுற்றுவழி ஆனாலும் வேறு பஸ் பிடியுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்

பிரார்த்தனையுடன் தொடங்கும். அப்புறம் ஒவ்வொருவராக "என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டுத் தன் அனுபவத்தைப் பகிர்வார்கள். இடையில் யாரும் குறுக்கிடுவதில்லை, முடிந்ததும் புத்திமதி சொல்வதில்லை. உங்கள் முறை வரும்போது "இன்னிக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பெட்டியோ பையோ சுற்றி வரும். உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். புதியவர் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஏ.ஏ. பெயரைச் சொல்லி யாராவது அட்மிஷன் பீஸ் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை.

சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களோ என்று சிலர் தயங்குகிறார்கள். அறைதான் சர்ச்சுடையது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட வகையில். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வந்து உட்காருகிறார்கள். சேருவதற்குத் தேவை குடியை நிறுத்தும் விருப்பம் மட்டுமே.

குடித்திருந்தாலும் போகலாமா? போங்கள். அன்று பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள் என்பார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் ஒரு டீ குடியுங்கள். இரண்டு மூன்று பேரிடம் நம்பர் வாங்கி, எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்வது நல்லதுதான், ஆனால் என் அனுபவத்தில் தவிப்பு வரும் நேரத்தில் காப்பாற்றுவது குரல்தான். மறுநாள், குடிக்கத் தோன்றாவிட்டாலும், ஒருவரைக் கூப்பிட்டுப் பேசிப் பழகுங்கள்.

பின்சேர்க்கை

வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவர் ஜூம் கூட்டம் பற்றிக் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். நுழையும் முன் திரையில் தெரியும் பெயரை மாற்றிவிடுங்கள். பலருக்கு அலுவலகத்தில் பயன்படுத்தும் முழுப் பெயர் அப்படியே வந்து நிற்கிறது. கேமராவை அணைத்துக்கொள்ளலாம். ஆண்கள் மட்டுமே இருக்கும் அறைக்குப் போகத் தயங்கும் பெண்களுக்கும், பெண்களுக்கான ஆன்லைன் கூட்டங்கள் உண்டு. ஆனாலும் நேரில் போக வழி இருப்பவர்களுக்கு நான் நேரில் போவதையே சொல்வேன்.

இன்னொரு சகோதரி, கணவர் வர மறுக்கிறார், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்தை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம் அம்மா. டைசல்பிரம் போன்ற மருந்து, அவருக்குத் தெரியாமல் உள்ளே போய், அதன்மேல் அவர் குடித்தால் உயிரே போகலாம். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன, சில ஏ.ஏ. கூட்டங்கள் குடும்பத்தினருக்கும் திறந்தவை. உங்கள் ஊரில் எது, என்றைக்கு என்று அதே ஏ.ஏ. எண்ணில் கேளுங்கள்.