கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: ஒரு மாணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது எப்படி?

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. பள்ளிப் படிப்பை முடித்த யாரும் சேரலாம், கட்டணமும் குறைவு. இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள், லத்தீனோ, கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள் எனப் பலருக்கு இதுதான் கைக்கு எட்டும் வழி.

சில வருடங்களாக இப்படிப்பட்ட மாணவர்களுக்கு உதவி வருகிறேன். நான் பார்த்தவரை மதிப்பெண் குறைந்து நின்றவர்களைவிட, வேறு பாடத்தை எடுத்துவிட்டோ தேதியைத் தவறவிட்டோ நின்றவர்கள்தான் அதிகம். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. இங்குள்ள தமிழர்களில் பலர் சொந்தப் பிள்ளையின் விண்ணப்பத்துக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள். அந்த அனுபவம் போதும், தாராளமாக ஒரு மாணவருக்குக் கை கொடுக்கலாம்.

1. முதல் செமஸ்டரிலேயே 'அசிஸ்ட்' தளத்தைத் திறங்கள்

அசிஸ்ட் என்பது மாநிலத்தின் அதிகாரபூர்வ இணையதளம். இந்தக் காலேஜின் எந்தப் பாடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று அதில் பார்க்கலாம். மாணவரின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது படித்த பாடங்களும் மதிப்பெண்ணும் உள்ள பட்டியலை, பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்வியாண்டு, அவருடைய காலேஜ், அவர் போக நினைக்கும் பல்கலைக்கழகம், மேஜர் (முதன்மைப் பாடம்) என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் பல்கலைக்கழகப் பாடமும் எதிரே காலேஜ் பாடமும் வரும்.

இந்தப் பட்டியலை அவசரப்படாமல் வரி வரியாகப் படிக்க வேண்டும். இரண்டு காலேஜ் பாடங்களுக்கு நடுவே 'அல்லது' என்று இருந்தால் ஒன்று போதும். 'மற்றும்' என்று இருந்தால் இரண்டையும் முடித்தால்தான் கணக்கில் வரும். இயற்பியல், கணிதம் போன்ற தொடர் பாடங்களில் இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் போனால் ஒரு வருடமே தள்ளிப்போகலாம். எதிரே சமமான பாடமே இல்லை என்று காட்டினால் பதற வேண்டாம். பக்கத்துக் காலேஜில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அங்கே எடுத்துக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, அதாவது யூ.சி.க்கு, மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும், ஆண்டைக் குவார்ட்டர்களாகப் பிரிக்கும் காலேஜானால் 90. யூனிட் என்பது ஒவ்வொரு பாடத்தின் அளவைக் காட்டும் எண். மாநிலவாசிகளுக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி, நான்குக்கு 2.4. அது வாசற்படி மட்டும்தான், கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற மேஜருக்கு இதைவிட நிறையவே வேண்டும். பொறியியல், அறிவியல் பக்கம் போகிறவர் பொதுப் பாடங்களைவிட மேஜருக்கான பாடங்களை முதலில் முடிப்பது நல்லது.

2. காலேஜுக்குள் இருக்கும் உதவியோடு இணைத்துவிடுங்கள்

வருமானம் குறைந்த மாணவர்களுக்காக 1969-இல் தொடங்கிய ஈ.ஓ.பி.எஸ். திட்டத்தில் தனிக் கவுன்சலர், புத்தக உதவி எல்லாம் உண்டு. அதோடு மற்றவர்களுக்கு முன்பே பாடங்களைப் பதிவு செய்யும் உரிமையும் கிடைக்கும். மாலையில் வேலைக்குப் போகிறவருக்குக் காலை வகுப்பு கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் மாணவர்களுக்கு உதவ ஹேவர்டின் சாபோ காலேஜில் 1981-இல் தொடங்கிய புவெந்தே திட்டம், கறுப்பின மாணவர்களுக்கான உமோஜா திட்டம் ஆகியவையும் பல காலேஜ்களில் இருக்கின்றன. பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். முடிந்தால் முதல் நாள் அந்த அறை வரை கூடவே போய் வாருங்கள்.

3. உத்தரவாத இடம்

டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்கள், சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று ஒப்பந்தம் தருகின்றன. இதை 'டாக்' என்பார்கள். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம். விண்ணப்பிக்க செப்டம்பர் 1 முதல் 30 வரை. சில மேஜர்களுக்கு இது கிடையாது, முன்பே பார்த்துவிடுங்கள். யூ.சி. அல்லாமல் மாநிலத்தின் இன்னொரு பொதுப் பல்கலைக்கழக அமைப்பான கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்குப் போக விரும்புகிறவருக்கு, 2010-இல் சட்டமாகி வந்த ஏ.டி.டி., அதாவது இப்படி மாறுவதற்கென்றே கம்யூனிட்டி காலேஜ் தரும் பட்டம், நல்ல வழி.

4. விண்ணப்பமும் கட்டுரைகளும்

யூ.சி. விண்ணப்பத்தை அக்டோபர் 1 முதல் அனுப்பலாம், நவம்பர் இறுதியையொட்டி முடியும். கடைசித் தேதியை அந்தந்த ஆண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள். படித்த எல்லாக் காலேஜையும், விட்ட பாடத்தையும், தோற்ற பாடத்தையும் ஒன்று விடாமல் எழுத வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமே போய்விடலாம்.

அப்புறம் கட்டுரைகள். நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்ற கேள்வி எல்லோருக்கும் கட்டாயம். பொருளாதாரம் படிக்க விரும்பிய ஒரு பையன் என்னிடம், "எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை" என்றான். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டேன். விடிகாலை நாலு மணிக்கு அப்பாவோடு சந்தையில் பழக்கடை போடுவானாம். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். எத்தனை பெட்டி மாம்பழம் வந்தது, எத்தனை அழுகியது, மழை பெய்த வாரம் விலையை எவ்வளவு குறைத்தார்கள் எல்லாம் பென்சிலில் வரிசையாக இருந்தது, இரண்டு வருடக் கணக்கு. "இதையெல்லாமா எழுதுவது?" என்று தயங்கினான். இதைத்தான் எழுத வேண்டும் என்றேன்.

நம் வேலை கேள்வி கேட்பதும் காது கொடுப்பதும். வாக்கியத்தை நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது, எழுத்து அவருடையதாகவே இருக்கட்டும்.

5. பணம்

வருமானம் குறைவென்றால் நான்கு யூ.சி. வளாகங்கள் வரை விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு. உதவித்தொகைக்கு மத்திய அரசின் ஃபாஃப்சா படிவம். குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களில் தகுதியுள்ளோருக்குக் கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் படிவம் இருக்கிறது. எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ள அவருடைய ஆவணங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். இரண்டு வழியும் இருக்கிறது என்று சொல்லுங்கள், எது தனக்கு உரியது என்பது அவருக்குத் தெரியும்.

6. அனுப்பிய பிறகு

ஜனவரியில் இலையுதிர்கால மதிப்பெண்களையும் வசந்தகாலப் பாடங்களையும் சேர்த்து விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும். இடம் கிடைத்தால் ஜூன் 1-க்குள் சம்மதம், ஜூலை 1-க்குள் இறுதி டிரான்ஸ்கிரிப்ட். நடுவில் ஏதாவது பாடத்தை விட நேர்ந்தால் உடனே பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இடம் கிடைத்த சந்தோஷத்தில் பலர் இதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள். இந்தத் தேதிகளை உங்கள் கைபேசியிலும் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் முன்னால் அவரைக் கூப்பிட்டு, அனுப்பியாயிற்றா என்று கேளுங்கள்.