இழுக்கும் ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்: கேட், தொட்டில், புல்வெட்டும் மெஷின்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் ஸ்பிரிங் இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. வாசல் கேட்டை இழுத்துச் சாத்துவது ஒன்று, மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டைத் தூக்கிப் பிடிப்பது ஒன்று, நடுவீட்டில் குழந்தையின் துணித் தொட்டிலைத் தாங்குவது ஒன்று. அறுந்துபோனால் பழையதை எடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போய், முதலாளியிடம் "தவுக்கே, இதே மாதிரி ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வருகிறோம். ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளின் பலம் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு வேறுபடலாம். அதனால் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. அறுந்தால் யார் மேல் விழும்?

அளவு, விலை எல்லாம் அப்புறம். முதலில் இந்தக் கேள்விதான்.

சாதாரண இழுக்கும் ஸ்பிரிங்கை எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் என்பார்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும், இரண்டு முனையிலும் கொக்கி இருக்கும். இழுத்தால் சுற்றுகள் விலகும். இதில் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, இவ்வளவுதான் இழுபடலாம் என்று தடுக்க உள்ளே எதுவும் இல்லை. எல்லை தாண்டி இழுத்தால் தளர்ந்து, பழைய நீளத்துக்குத் திரும்பாது. இரண்டாவது, கொக்கி வளையும் இடத்தில்தான் அழுத்தம் அதிகம். பெரும்பாலும் அங்கேதான் அறும். அறுந்த நொடியில் தொங்குவது கீழே விழும்.

டிராபார் ஸ்பிரிங்கின் அமைப்பே வேறு. நடுவில் இருப்பது அமுக்கும் ஸ்பிரிங். கொண்டை ஊசி போல வளைத்த இரண்டு கம்பிகள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து அதற்குள் நுழைந்து, ஒவ்வொன்றும் மறுமுனையைப் பிடித்திருக்கும். வெளியே தெரியும் வளையங்களை இழுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அமுங்கும். முழுவதும் அமுங்கிச் சுற்றுகள் முட்டியதும் அதற்கு மேல் நீளாது. நடுவில் ஒரு சுற்று உடைந்தாலும், உடைந்த துண்டுகள் கம்பிகளுக்கு இடையில் சிக்கிக்கொள்வதால் சுமை சட்டென்று விழுவதில்லை.

ஆகவே கேட், ஸ்டாண்ட் போன்றவற்றுக்கு எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் போதும். தொட்டில், ஊஞ்சல் என்று ஆள் தொங்கும் இடத்துக்கு டிராபார்தான் என் முடிவு. விலை கூடுதல்தான். குழந்தை விஷயத்தில் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங்கில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தால், ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு வலுவான கயிற்றை விட்டு, மேலேயும் கீழேயும் தனியாகக் கட்டுங்கள். சாதாரணமாக ஆடும்போது கயிறு தளர்வாகவும், ஸ்பிரிங் அதிகம் நீண்டால் கயிறே தாங்கும்படியும் நீளம் வையுங்கள்.

2. பழையதை அளப்பது

தடிமனைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று வேண்டும். கம்பியின் தடிமன், சுற்றின் வெளி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, ஒரு கொக்கியின் உள்பக்கத்திலிருந்து மறு கொக்கியின் உள்பக்கம் வரை உள்ள நீளம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தடிமனை அளக்கும் முன் துருவையும் பெயின்டையும் சுரண்டிவிடுங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 2 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 2.2 மி.மீ. வாங்கினால், மற்ற அளவெல்லாம் அப்படியே இருந்தாலும் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். கேட்டைத் திறக்கப் பாட்டி திணறுவதற்கு அந்த 0.2 மி.மீ. போதும்.

பழைய ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா? அப்படியென்றால் அது தளர்ந்துபோன ஸ்பிரிங், அதன் இப்போதைய நீளத்தை நம்பாதீர்கள். சுற்றுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக் கம்பித் தடிமனால் பெருக்குங்கள். கொக்கிகள் நீங்கலாக, புதிதாக இருந்தபோது உடல் எவ்வளவு நீளம் என்று கிடைத்துவிடும். 2 மி.மீ. கம்பியில் 30 சுற்று என்றால் 62 மி.மீ.

3. எடை தொங்கவிட்டுப் பார்ப்பது

இதைச் செய்யப் பலர் சோம்பல்படுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். தளராத ஸ்பிரிங் ஒன்றை உத்திரத்தில் மாட்டி 5 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு நீளத்தை அளக்கவும். பிறகு 10 கிலோ தொங்கவிட்டு அளக்கவும். கொக்கிக்குக் கொக்கி 86 மி.மீ. இருந்த ஸ்பிரிங், 5 கிலோவுக்கு 101, 10 கிலோவுக்கு 126 மி.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 5 கிலோவுக்கு 25 மி.மீ. நீண்டிருக்கிறது, அதாவது மி.மீ.க்கு 0.2 கிலோ. ஆனால் முதல் 5 கிலோவுக்கு 15 மி.மீ. மட்டுமே நீண்டது, அதற்கு 3 கிலோ போதும். மீதி 2 கிலோ எங்கே போனது? சுற்றுகளை ஒட்டிப் பிடித்திருக்கும் தொடக்க இழுவிசை அது. அந்த 2 கிலோவைத் தாண்டிய பிறகுதான் ஸ்பிரிங் வாயைத் திறக்கும். டிராபாரை இதே முறையில் சோதிக்கலாம், அதில் சுற்றுகள் ஒட்டியிருக்காததால் இந்த ஒட்டுவிசை கிடையாது.

4. தேர்ந்தெடுப்பது

கேட் சாத்தியிருக்கும்போதும் முழுவதும் திறந்திருக்கும்போதும் ஸ்பிரிங் மாட்டும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளங்கள். சாத்தியிருக்கும்போதே ஸ்பிரிங் கொஞ்சம் இழுபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கொக்கி கழன்று விழும். திறந்திருக்கும் தூரம், அந்த ஸ்பிரிங்குக்குக் குறிப்பிட்ட அதிகபட்ச நீளத்துக்கு உள்ளேயே நிற்க வேண்டும்.

இழுக்கக் கடினமாக இருக்கிறது என்றால் மெல்லிய கம்பிக்குப் போகாதீர்கள். இடம் இருந்தால் சுற்று அதிகமுள்ள நீளமான ஸ்பிரிங்கை வாங்குங்கள். சுற்று இரட்டிப்பானால் விறைப்பு பாதியாகும், கம்பிக்கும் சிரமம் குறையும். நீளமான ஸ்பிரிங்கை வெட்டிச் சின்னதாக்கினால் இதற்கு நேர்மாறு. வெட்டிய முனையை நெருப்பில் காட்டிக் கொக்கி வளைப்பது அதைவிட மோசம், சூடேறிய இடத்தில் கம்பியின் பலம் போய்விடும்.

தொட்டிலுக்குக் குழந்தையின் எடையை மட்டும் பார்க்கக் கூடாது. திடீரென்று ஏறும் சுமை, சும்மா தொங்கும் சுமையைப் போல இரண்டு மடங்கு இழுக்கும். துள்ளினால் இன்னும் அதிகம். துணி, கம்பு, குழந்தை எல்லாம் சேர்ந்து 10 கிலோ என்றால், குறைந்தது 20 கிலோவைத் தாண்டித் தாங்கும் டிராபாரைக் கேளுங்கள். கூடவே மேலே மாட்டும் கொக்கியும் உத்திரமும் அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

5. எந்த உலோகம்?

நம் மழைக்கும் ஈரத்துக்கும் வெளியே மாட்டுவது 304 என்ற தரத்துத் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது. கடலோரம் என்றால் 316. அதே அளவில் சாதாரண ஸ்பிரிங் எஃகைவிட விறைப்பு சற்றுக் குறைவாக இருக்கும். காந்தம் ஒட்டுகிறதே, போலியோ என்று சண்டைக்குப் போக வேண்டாம். கம்பியாக இழுக்கும்போதே 304-க்குக் கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடும். வீட்டுக்குள் சாதாரண எஃகு போதும், அவ்வப்போது எண்ணெய் தடவுங்கள்.

6. மாட்டுவது

கண்ணாடி அணிந்துகொண்டு மாட்டுங்கள். கொக்கி உட்காரும் இடம் வழவழப்பான உருண்டைக் கம்பியாக இருக்கட்டும். கூரான தகட்டு விளிம்பு கொக்கியை அறுத்துவிடும். மாட்டிய பிறகு கொக்கி வளைவில் கீறலோ துருவோ தெரிந்தால் உடனே மாற்றுங்கள். டிராபாரிலும் வளையக் கம்பி தேய்கிறதா என்று பாருங்கள்.

புல்வெட்டும் மெஷினின் கிளட்ச் ஸ்பிரிங் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. கிளட்ச் எந்த வேகத்தில் பிடிக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தளர்ந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோதே பிளேடு சுற்றும். மெஷினின் பெயரையும் மாடல் எண்ணையும் சொல்லி, அதற்கென்றே வருவதை வாங்கி மாட்டுங்கள்.