யூரியாவை எந்த நேரத்தில் தூவுவது?

எங்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெல்லுக்கு மேலுரம் (நிற்கும் பயிருக்குத் தூவும் உரம்) என்றால் டீ குடித்துவிட்டு, பதினோரு மணி வெயிலில்தான் மூட்டையைப் பிரிப்போம். அந்த நேரம்தான் தப்பு.

நட்ட வயலில் மதியம் குனிந்து பாருங்கள், பாசியில் குமிழ் குமிழாக ஒட்டியிருக்கும். வெயிலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் தண்ணீரின் பி.எச். (காரத்தைக் காட்டும் அளவு) 9-ஐத் தாண்டக்கூட ஏறும், ராத்திரி தானாக இறங்கிவிடும். யூரியா உடைந்து அம்மோனியமாகி அந்தத் தண்ணீரில் நின்றால், காரமும் சூடும் சேர்ந்து பாதி காசு காற்றோடு போகும்.

அதனால் முதலில் மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். சேறு தெரிய வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு தூவி, மறுநாள் தண்ணீர் கட்டினால் உரம் மண்ணுக்குள் இறங்கும். யூரியா உடைந்து முடிய சில நாள் ஆகும் என்பதால் சாயங்காலம் போட்டால் மட்டும் போதாது, வடிப்பதுதான் முக்கியம்.

அப்புறம் வேர். உறிஞ்சிய தழைச்சத்தைப் புரதமாக்க அதற்குச் சர்க்கரை வேண்டும். அது பகலில் இலை சமைத்து அனுப்புவது, ராத்திரிக்குப் பகலில் சேர்த்துவைத்ததுதான் கைகொடுக்கும். நாலு நாள் வானம் மோடம் போட்டால் சமையலே குறைவு, வேரும் மந்தம். ஒரு ஐப்பசியில் இது தெரியாமல் மோடம் போட்டிருக்கும்போது ஒரு மூட்டையைக் கொட்டினேன், அன்று ராத்திரியே மழை. என் யூரியாவில் கீழ்க்கொல்லைக்காரர் பயிர் கருகருவென்று நின்றது, மனுஷன் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை!

போடலாமா வேண்டாமா என்பதை இலை வண்ண அட்டையிடம் (இலையின் பச்சையை ஒப்பிட எண் போட்ட பட்டைகள் கொண்ட அட்டை) கேளுங்கள். நட்ட 14 நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒரு தடவை, காலை 8-லிருந்து 10-க்குள், முழுதாக விரிந்த மேல் இலையை உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள், வெயில் பட்டால் நிறம் ஏமாற்றும். பத்து இலையில் குறைந்தது ஆறு இலை அட்டையின் 4-ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் போடலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு மட்டும் 3.

தூவுவதற்கு முதல் நாள் ராத்திரியே யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 கணக்கில் கலந்து வைப்பது நல்லது. 45 கிலோ மூட்டைக்கு ஜிப்சம் 36, புண்ணாக்கு 9 கிலோ. இப்போது வரும் யூரியாவில் வேம்பு பூசித்தான் வருகிறது, இருந்தாலும் நான் கலக்காமல் விடுவதில்லை.