தேம்ஸ் கரைத் துடுப்புப்படகுக் கழகம்: பாதுகாப்புக் குறிப்பேட்டிலிருந்து நிதி திரட்டுவது எப்படி?

டெடிங்டனுக்கு மேலே, கடல் ஓதம் எட்டாத தேம்ஸ் கரையில், ஊர்மக்களே சந்தா கட்டி நடத்தும் துடுப்புப்படகுக் கழகங்கள் பல உள்ளன. அத்தகைய ஒன்றின் நிர்வாகக் குழுவில் சேர்பவரிடம் பாதுகாப்புக் கோப்பும் நிதிக் கோப்பும் தனித்தனியே நீட்டப்படும். இரண்டையும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு மாலைகளில் பார்ப்பதே வழக்கம். இரண்டையும் ஒரே மேசையில் ஒன்றாக விரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில், ஆற்றில் எது ஆபத்து என்பதைக் கழகம் எவ்வளவு நேர்மையாக எழுதிவைத்திருக்கிறதோ, அவ்வளவு தெளிவாகத்தான் அதனால் பிறரிடம் பணம் கேட்க முடியும்.

முதலில் ஆற்றைப் பாருங்கள். இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமை, லாக் எனப்படும் படகு மதகுகளில் நீரோட்டத்தின் நிலையைப் பலகைகளால் அறிவிக்கிறது. சிவப்புப் பலகை இருந்தால் எந்தப் படகும் செல்ல வேண்டாம் என்பது அதன் அறிவுரை. பலர் கவனிக்கத் தவறுவது மஞ்சள் பலகையைத்தான். அதில் ஓட்டம் கூடுகிறது என்று எழுதியிருந்தாலும் குறைகிறது என்று எழுதியிருந்தாலும், இயந்திரம் இல்லாத படகுகளுக்கு அதுவும் ‘இறங்காதீர்கள்’ என்ற அறிவுரையே. ஆகவே, பலகையைப் பார்த்து முடிவெடுப்பவர் யார், அவருடைய முடிவைப் போட்டி நெருங்கும் வாரத்திலும் எவரும் மாற்றக்கூடாது என்பது உட்பட, கழக விதியை ஒரே பக்கத்தில் எழுதிப் படகுக்கூடத்தின் கதவில் ஒட்டுங்கள். உங்கள் நீர்ப்பகுதியின் கீழ்முனையில் தடுப்பணை இருக்குமானால், அதற்கு எவ்வளவு தூரத்துக்கு முன்பே படகைத் திருப்ப வேண்டும் என்பதைக் கரையிலுள்ள ஒரு மரத்தையோ கட்டடத்தையோ அடையாளமாகக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். முதுகைத் திசைக்குக் காட்டி அமர்ந்திருக்கும் துடுப்பாளருக்கு மீட்டர்க் கணக்கு உதவாது.

அடுத்தது குளிர்நீர். வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுபவருக்கு மூச்சு தன்னையறியாமல் இழுத்துக்கொள்ளும். அந்த முதல் ஓரிரு நிமிடங்களில் நீரை மூச்சோடு உள்ளே இழுத்துவிடுவதே பெரிய ஆபத்து. சில நிமிடங்களில் கைகால்கள் சொன்னபடி கேட்காமல் போகும். நன்றாக நீந்துபவருக்கும் இது பொருந்தும். அதனால் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சை நிலைப்படுத்துவது, பிறகு படகை விட்டு விலகாமல் அதன்மேல் இயன்ற அளவு உடலை ஏற்றிக்கொள்வது என்ற இரண்டையும் புதிய உறுப்பினர் ஒவ்வொருவரும் நீச்சல்குளத்தில் ஒருமுறையாவது செய்து பழக வேண்டும். படகை விடாதே என்று சொல்வதற்கு, படகு மிதக்கும் என்ற உறுதி வேண்டும். 2000 டிசம்பரில் ஸ்பெயினின் எப்ரோ ஆற்றில் பயிற்சியின்போது படகில் நீர் நிறைந்து, ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நீர் நிறைந்தாலும் துடுப்பாளர்களைத் தாங்கும்படி படகுகளைக் கட்ட வேண்டும் என்று அவருடைய பெற்றோர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். உங்கள் பழைய எண்மர் படகில் இருக்கைகளுக்குக் கீழே மூடிய காற்றறைகள் உள்ளனவா என்று இந்த வாரமே பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் படகை இறக்குமுன் பார்க்க வேண்டியவை சிறியவைதாம்: கூர்முனையில் 4 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாத வெள்ளைப் பந்து உறுதியாக இருக்கிறதா, படகு கவிழ்ந்தால் கால் தானாக நழுவி வெளிவரும்படி காலணியின் குதிகால் கயிறு குட்டையாகக் கட்டப்பட்டிருக்கிறதா, காற்றறை மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்பனவே. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படகின் முன்முனைக்குள் படுத்தபடி திசை சொல்லும் காக்ஸுக்குத் தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுக்கவே கூடாது. கவிழ்ந்த நொடியில் அது ஊதி, அவரை அந்தக் குறுகிய இடத்திலேயே அடைத்துவிடும். அவருக்குக் கையால் இழுத்து ஊதவைக்கும் வகைதான் வேண்டும்.

இனி நிதிக்கு வருவோம். ஆறு மாதங்களுக்கு, எவருக்கும் காயம் ஏற்படாத நிகழ்ச்சிகளையும் சேர்த்து, எல்லாவற்றையும் நாள், இடம், காரணத்தோடு எழுதிவையுங்கள். அவற்றுள் எவை மனிதரின் கவனக்குறைவு, எவை வசதிக்குறைவு என்று பிரியுங்கள். முதல் வகைக்குப் பயிற்சி போதும். பணம் வேண்டியது இரண்டாவதற்கே. என் அனுபவத்தில், எங்கள் குழுவின் முதல் விண்ணப்பம் புதிய படகு ஒன்றைக் கேட்டதால் திரும்பி வந்தது. பாசி பிடித்த மிதவைத்துறையில் வழுக்கி விழுந்தவர்களின் பதிவுகளை இணைத்து, முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் அந்தத் துறையால் ஆற்றில் இறங்கவே முடியவில்லை என்று காட்டிய இரண்டாவது விண்ணப்பத்துக்கு, நிதி வழங்குவோர் கேள்விகள் கேட்கத் தொடங்கினார்கள். கேள்வி வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

விண்ணப்பிக்குமுன் கழகத்தின் சட்டநிலையைச் சரிசெய்யுங்கள். அறக்கட்டளையாகவோ, வரித்துறையிடம் சமூக அமெச்சூர் விளையாட்டுக் கழகமாகவோ பதிவு செய்தால், உள்ளூர் வணிகச் சொத்துவரியில் 80 விழுக்காடு சலுகை கிடைக்கும். நன்கொடையாளர் கட்டிய வருமான வரியின் ஒரு பகுதியை அரசிடமிருந்து கழகமே பெறும் ‘கிஃப்ட் எய்டு’ சலுகையையும் நன்கொடைகளுக்குப் பெற முடியும். பிரிட்டனில் போதிய வரி கட்டும் ஒருவர் 80 பவுண்டு கொடுத்தால், கழகத்துக்கு 100 பவுண்டு வந்துசேரும். விளையாட்டுக் கழகமாகப் பதிந்தவர்கள் உறுப்பினர் சந்தாவுக்கு அதைக் கோர முடியாது என்பதைப் பொருளாளர் மறக்கக்கூடாது.

மிதவைத்துறையைப் பொறுத்தவரை, பணத்தைவிட அனுமதிக்கே அதிகக் காலம் ஆகலாம். ஓதமில்லாத முதன்மை ஆற்றின் கரையிலிருந்து 8 மீட்டருக்குள் கட்டும் வேலைக்கு வெள்ள அபாய அனுமதி தேவைப்படும்; நில உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலும், இன்னும் பல ஆண்டுகள் மீதமுள்ள குத்தகையும் வேண்டும். நாளை காலி செய்யவேண்டிய இடத்தில் எந்த நிறுவனமும் பணம் போடாது. இந்தத் தாள்கள் கைக்கு வந்தபின் ஒப்பந்ததாரர்கள் மூவரிடம் விலை கேட்டு, பராமரிப்புச் செலவையும் சேர்த்து மொத்தத் தொகையை முடிவு செய்யுங்கள்.

அந்தத் தொகையில் ஒரு பங்கை உறுப்பினர்களே முதலில் திரட்டியிருப்பது வெளியாருக்கு நம்பிக்கை தரும். கடைத்தெருவில் துடுப்பு எந்திரத்தை வைத்து, மாறி மாறி நாள் முழுதும் வலித்துப் பணம் சேர்ப்பது எளிய வழி. வழிப்போக்கர்களும் உட்கார்ந்து வலித்துப் பார்ப்பதால் புதிய உறுப்பினர்களும் கிடைப்பார்கள். துறைக்கென்று வாங்கிய பணத்தைத் தனியாகக் கணக்கில் காட்டுங்கள். அவசரம் என்று சொல்லித் துடுப்பு வாங்க அதில் கை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும், பாதுகாப்புக் குறிப்பேட்டில் பழைய துறையைப் பற்றிய பதிவின் எதிரே அது சரிசெய்யப்பட்ட நாளை எழுதி, அந்தப் பக்கத்தின் படியை நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவையுங்கள்.