பாதுகாப்புக்குத்தான் சார்

போன மாதம் என் சிலம்ப வகுப்புக்கு வந்த ஒரு புதுப் பையன், கல்லூரி இரண்டாம் ஆண்டு, பையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து ஒரு உதறு உதறினான். சரக்கென்று மூன்று கணுவாக நீண்டது. ஆன்லைனில் வாங்கிய ஸ்டீல் பேட்டன். "ராத்திரி பார்ட் டைம் வேலை முடிஞ்சு வர்றேன்ல மாஸ்டர், ஒரு சேஃப்டிக்கு" என்றான். கம்பில் இன்னும் காலடி நேராக விழவில்லை அவனுக்கு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இருபத்தொரு வயதில் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். சொன்ன இடம்தான் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. மதுரைத் தெப்பக்குளம் பக்கம் இருபது வருடமாகச் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறேன். சட்டம் எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டுத் தெரிந்ததும், ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய்வரும் என் பழைய மாணவர் ஒருவரிடம் நச்சரித்துக் கேட்டுக்கொண்டதும்தான். பஸ் ஸ்டாண்டில் கம்பு சுற்றிக் காட்டாதே, குடித்துவிட்டுக் கத்தியைத் தொடாதே என்பதெல்லாம் இதில் வராது. அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் அவன் கம்பு கற்கவே வேண்டாம்.

கம்பு ஆயுதம் இல்லை, சரி. மற்றவை?

பலர் காதில் அரைகுறையாக விழுந்திருக்கும் சட்டம் இது. 1959 ஆயுதச் சட்டம், ஆயுதம் எது என்று சொல்லும் இடத்திலேயே, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருள்களை விலக்கிவிடுகிறது. லத்திக் கம்பும் சாதாரணக் கைத்தடியும் அதற்கு உதாரணமாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. நெற்றிப்பொட்டு உயரத்துக்கு வெட்டிய மூங்கில் கம்போடு பயிற்சிக்குப் போய்வருவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

அதற்கடுத்து நாம் கற்கும் பொருள்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆயுத விதிகள் 2016-ன் அட்டவணையில், துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கென்று ஐந்தாம் பிரிவு இருக்கிறது. வாள், கைத்தடிக்குள் ஒளித்த வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடாரி, அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய கத்தி என்று போகும் அந்தப் பட்டியலில் ஸ்டீல் பேட்டனும் பெயர் சொல்லியே வருகிறது. சுருள்வாள் எவ்வளவு வளைந்தாலும் வாள்தான். இவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பது மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளுக்குத்தான் என்று ஒரு நுணுக்கம் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு வாகனச் சோதனையில் நின்றுகொண்டு அந்த நுணுக்கத்தை வாதாடிப் பாருங்கள்.

அருவாளுக்கும் இதே கதைதான். விவசாயக் கருவி, மறுக்கவில்லை. அது தென்னந்தோப்புக்குப் போகிறவர் கையில் இருக்கும்வரை. பைக் சீட்டுக்கு அடியில் இருந்தால் எந்தத் தோப்பு என்று கேட்பார்கள். 2021 செப்டம்பரில், பட்டறைகளில் அருவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, போன் எண்ணை எழுதி வைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும் என்று காவல்துறை மாநிலம் முழுக்கச் சொன்னது. திருப்பாச்சேத்திப் பக்கம் தலைமுறையாக இரும்படிப்பவர்களுக்கு அது புது அனுபவம்.

"பாதுகாப்புக்கு" என்று சொல்வது

இதுதான் இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது. எத்தனை முறை சொன்னாலும் ஒரு பையனாவது இதில் போய் விழுகிறான்.

என் கதை. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் எங்கள் வாத்தியார் குழு ஆடியது. ராத்திரி பனிரண்டரைக்கு முடிந்தது. வாத்தியாரும் மற்றவர்களும் வேனில் கிளம்பிவிட, நானும் ஒரு கூட்டாளியும் பைக்கில் வந்தோம். துணி உறையில் நான்கு கம்பு. என் இடுப்பில் ஒரு பிச்சுவாக் கத்தி. ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இடுப்பில் இருந்தால் கெத்து, அவ்வளவுதான்.

வழியில் சோதனை. எஸ்.ஐ. உறையைப் பார்த்தார். "என்னப்பா இது?" "சிலம்பாட்டம் சார், திருவிழா முடிஞ்சு வர்றோம்." நோட்டீஸைக் காட்டினேன். படித்துப் பார்த்துத் தலையாட்டினார். எந்த ஊர் ஆட்டம், வாத்தியார் யார் என்றுகூட விசாரித்தார். அப்புறம் இடுப்பைத் தடவினார்கள். "இது எதுக்கு?"

"பாதுகாப்புக்குத்தான் சார்."

அந்த மனிதரின் முகம் மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. யாருக்குப் பயப்படுகிறாய், என்ன தகராறு, எந்த ஏரியா, எவன் உன்னைத் தேடுகிறான் என்று கேள்விக்கு மேல் கேள்வி. நல்லது சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் சொன்னதற்கு அவர் காதில் விழுந்த அர்த்தமே வேறு: இவனுக்கு எங்கேயோ பகை இருக்கிறது, குத்துவதற்குத் தயாராக வந்திருக்கிறான். விடிகிற வரை ஸ்டேஷன் பெஞ்சு. காலையில் வாத்தியார் வந்து, கோயில் கமிட்டிக்காரர்களை வைத்துப் பேசி எங்களை வெளியே எடுத்தார். கேஸ் போடவில்லை. பிச்சுவா திரும்பி வரவில்லை. ஆறு மாதம் வாத்தியார் என்னைக் கம்பு தொட விடவில்லை; தரை கூட்ட விட்டார்.

விஷயம் இதுதான். நம் கையில் இருக்கும் பொருளைப் பயிற்சிக் கருவி, விளையாட்டுச் சாமான், ஆட்டப் பொருள் என்று காட்டுவது அதன் நோக்கம். "பாதுகாப்புக்கு" என்று சொன்ன அந்த நொடியில், இதை ஒரு மனிதன்மேல் பயன்படுத்தத்தான் எடுத்து வந்தேன் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிறது. அதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய பொருளைத் தூக்கிக்கொண்டு அலையாதே என்கிறேன்.

"தற்காப்பு உரிமை இருக்கே மாஸ்டர்" என்பார்கள். இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைத்தான் பேசுகின்றன, பழைய இ.பி.கோ.வில் 96 முதல் 106 வரை. ஆனால் 37-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போலீஸிடம் போக நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் அடித்தாலும் கிடையாது. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அடிபடுகிறவன் ஒவ்வொரு அடியையும் கணக்குப் பார்த்துத் திருப்பி அடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று நம் பக்கமும் பேசியிருக்கிறது. அதே தீர்ப்பில், இந்த உரிமை திடீரென்று ஆபத்தில் மாட்டியவனுக்குத்தான், அந்த ஆபத்து அவனே உண்டாக்கியதாக இருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. பையில் பேட்டனோடு கிளம்பியவன் "திடீரென்று" என்று சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா? தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று காட்டும் பாரமும் நம் தலையில்தான். அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். ஆனால் காட்ட வேண்டியவன் நீ.

என்னிடம் படித்த இன்னொருவன் கதை இதைவிடக் கசப்பு. நல்ல கைவேகம் அவனுக்கு. பஸ்ஸில் சீட்டுப் போட்ட துண்டு யாருடையது என்று ஆரம்பித்த தகராறு. இரண்டு பேர் சட்டையைப் பிடித்ததும் இவன் பையிலிருந்து மடக்குக் கம்பை உருவினான். நான் சொல்லிக்கொடுத்த மணிக்கட்டு வெட்டு. எலும்பு உடைந்தது. எலும்போ பல்லோ உடைந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயம். ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் அன்றைக்கு இ.பி.கோ. 326, இன்றைக்கு பி.என்.எஸ். 118(2): ஒரு வருடத்துக்குக் குறையாமல் பத்து வருடம் வரை, ஆயுள்கூட உண்டு. இரண்டு குடும்பமும் உட்கார்ந்து கை குலுக்கி முடித்துக்கொள்ளக்கூடிய பிரிவும் அல்ல அது. கேஸ் நான்கு வருடம் இழுத்தது. கடைசியில் அடிபட்டவன் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகி இவன் விடுதலை ஆனான். ஊரே இனிப்புச் சாப்பிட்டது.

அப்புறம் காவலர் தேர்வு எழுதினான். எழுத்துத் தேர்வு, உடல்திறன் எல்லாம் தேறினான். சரிபார்ப்பில் நின்றுவிட்டது. காவலர் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று இருக்கிறது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் யூனிஃபார்ம் கனவோடு வருகிறவர்கள். அவர்களுக்கு இந்த விதியைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ஜெயில் என்றால் பயப்படாதவன் இதற்குப் பயப்படுகிறான்.

சட்டத்தை விடுங்கள், வேலைக்காவது ஆகுமா? ஐந்தடிக் கம்பு வீசி ஆட உங்களைச் சுற்றிப் பத்தடியாவது வெட்டவெளி வேண்டும். மாசி வீதிச் சந்திலும் ஷேர் ஆட்டோவிலும் அது எங்கே இருக்கிறது? சட்டையைப் பிடித்த பிறகு பை ஜிப்பைத் திறந்து, உள்ளே துழாவி, எடுப்பதற்குள் நாலு அடி விழுந்திருக்கும். எடுத்துவிட்டாலும் பிடுங்கப்பட்டால் அது அவன் ஆயுதம். முதல் மூன்று மாதம் வாத்தியார்கள் காலடி மட்டும் சொல்லித் தருவது ஏன் என்று யாரும் யோசிப்பதில்லை. விலகி, திரும்பி, தூரம் எடுக்கத்தான். ஓடவும் அதே கால்தான்.

பெப்பர் ஸ்ப்ரே

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்பது. "அண்ணே, இதை வச்சுக்கலாமா?" தாராளமாக, பையின் மேல் அறையில். ஆனால் சண்டை வலுக்கிற வாய்த்தகராறில் அடிக்கிற பொருள் அல்ல அது. 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் பெப்பர் ஸ்ப்ரே அடித்தவர்கள் மீதான விசாரணையை ரத்து செய்ய மறுத்தது. அதை ஆபத்தான ஆயுதமாகவே பார்த்தது. 112 எண்ணும், போனில் காவல் உதவி செயலியும் ஸ்ப்ரேக்கு முன்னால் வர வேண்டும்.

தாத்தா வைத்திருந்த மான்கொம்பு

மடு என்று சொல்லும் மான்கொம்பு ஆயுதம் அழகானது. பழைய வாத்தியார் வீடுகளில் நிஜக் கொம்பில் செய்தது சுவரில் தொங்கும். வெளிமான் கொம்பு என்றால் அதை வைத்திருப்பதே தனிக் குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிரினம் அது. தண்டனை 3 முதல் 7 வருடம். பரம்பரைச் சொத்து என்ற பதிலுக்கு, 2003-ல் இப்படிப்பட்டவற்றை அறிவிக்க 180 நாள் அவகாசம் கொடுத்தோமே, சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். அந்த 180 நாளில் நம்மில் எத்தனை பேருக்கு விஷயம் தெரியும்? மேடையில் மரத்திலோ இரும்பிலோ செய்ததை எடுங்கள். நிஜக் கொம்பு வீட்டில் இருந்தால் ஆன்லைனில் விற்கக் கிளம்பாமல் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அருவாளோடு ரீல்ஸ்

வேண்டாம்.

செப்டம்பர், அக்டோபர்

செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இந்த இரண்டு மாதமும் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு வருவது வழக்கம். முன்பு 144 என்றோம், இப்போது குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் 163. மதுரையிலிருந்து அந்தப் பக்கம் போட்டிக்கோ கோயில் ஆட்டத்துக்கோ போகிற குழுக்கள் வெறும் கம்பைக்கூட யோசித்துத்தான் ஏற்ற வேண்டும். நான் தேதியையே மாற்றச் சொல்லிவிடுவேன். மற்ற நாள்களில் கம்பு உறைக்குள், சங்க அடையாள அட்டை சட்டைப் பையில், நிகழ்ச்சி நோட்டீஸும் காவல் நிலைய அனுமதிக் கடித நகலும் வாத்தியார் கையில். சுருள்வாள், ஈட்டி எல்லாம் வேனில் வாத்தியாரோடுதான் போகும். எந்தப் பையன் வீட்டுக்கும் போகாது.

அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பது

வெறுங்கையால்தான் தடுத்தீர்கள், நியாயமும் உங்கள் பக்கம்தான் என்றே வைத்துக்கொள்வோம். "ஜெயிச்சாச்சு" என்று வீட்டுக்குப் போனால், தோற்றவன் நேராக பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்து, காயத்தைப் பதியும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டுவிடுவான். விடிந்தால் புகார்தாரர் அவன், குற்றவாளி நீங்கள். முதலில் 112. அப்புறம் உங்கள் சிராய்ப்பையும் வீக்கத்தையும் டாக்டரிடம் காட்டிப் பதிய வையுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அங்கே "நான் சிலம்பத்துல ஸ்டேட் லெவல் சார்" என்ற பெருமை மட்டும் வேண்டாம்.

விமானம்

நுஞ்சாக்கு, கம்பு, தற்காப்புக் கலைச் சாமான் எதுவும் கையில் எடுத்துப் போகும் பைக்குள் வராது. பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சிறியதைச் செக்-இன் பெட்டியில் போடலாம். ஐந்தடிக் கம்பைச் செக்-இன்னில் ஏற்றுவது தனிப் போராட்டம். போகிற ஊரில் மூங்கில் கிடைக்காமலா போகும்?