புரட்டாசியில் ஆய்வாளரை வரவழைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் நம் தமிழர்களின் சர்க்கரை நோயை ஆராய வெளிநாட்டு ஆய்வாளர்களை வரவழைக்கும் இளைய சகாக்கள், நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். விசா, தங்குமிடம் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அது அவர்களுக்கே தெரியும்.

பஞ்சாங்கம் பார்க்காமல் தேதி குறிப்பது

நான் வரவழைத்த ஆய்வாளர் ஜூனில் வர வேண்டியவர், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இழுத்ததால் செப்டம்பருக்குத் தள்ளிப்போனார். வந்தவர் கெட்டிக்காரர். நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு வீடாக ஏறி, முந்தைய 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் குறித்தார். நாற்பது வீடு முடிந்து தாளைப் புரட்டினால் கறி இல்லை, மீன் இல்லை. பருப்பும் கீரையும் பீன்ஸும்தான். "எல்லோரும் சைவமா?" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஞாயிறானால் ஆட்டுக்கறி மணக்கும் ஊர் இது! கடைசியில் ஒரு ஆன்ட்டிதான் சிரித்தார்: "புரட்டாசியில வந்து கேட்டா வேற என்னப்பா சொல்வோம்?"

1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வழியில் வந்த பலர், தமிழ்ப் பேச்சை விட்டாலும் புரட்டாசியை விடவில்லை. என் வீட்டிலும் அந்த மாதம் பருப்புதான். தினமும் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அவரைக் காரில் கூட்டிப் போனேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஒரு மாதம் தள்ளிக் கேட்கலாமென்றால் தீபாவளிப் பலகாரம். ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை காட்டுவதோ இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. நவம்பரில் எடுத்த ரத்தத்திலும் விரதம் கலந்திருக்கும். தைப்பூசக் காவடியை ஒட்டியும் இதே கதை. ஜூன் தேவலை, ஆடிக் கூழுக்கு முன் முடித்துவிடலாம்.

தமிழில் கேள்வித்தாள்

வேண்டாம். வீட்டுப் பேச்சு ஆங்கிலம். தமிழ் பூஜையிலும் சமையற்கட்டிலும்தான் மிச்சம்.

அவருடைய பல்கலைக்கழக அனுமதியே போதும் என்பது

போதாது. 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டப்படி, இங்கே பதிவுபெற்ற நெறிமுறைக் குழு பார்த்தாக வேண்டும்.

ரத்த மாதிரியைக் கொண்டுபோகலாம் என்று வாக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். சுகாதாரத் துறையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். 2018இல் அரசிதழில் வந்த மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமும் கையெழுத்தாக வேண்டும்.

முடிவைச் சொல்லாமல் விமானம் ஏற்றுவது

கோயிலில் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆன்ட்டி கேட்கிறார்: "என் ரீடிங் என்னாச்சு?"