பெயர் பரவாத நாதஸ்வர, தவில் கலைஞர்கள் ஆண்டு முழுவதும் வருமானம் காணும் வழி

நாதஸ்வரத்தையோ தவிலையோ நம்பிக் குடும்பம் நடத்தும் கலைஞர், வாத்தியத்துக்கு அடுத்தபடியாகக் கையில் வைத்திருக்க வேண்டியது பஞ்சாங்கம். தை, மாசி, வைகாசி, ஆவணி போன்ற மாதங்களில் ஒரே நாளில் மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இராது. புரட்டாசியிலும் பல குடும்பங்கள் கல்யாணம் செய்வதில்லை. நம்மில் பலரைக் கடனில் தள்ளுவது, முகூர்த்த மாதங்களில் கிடைக்கும் வருமானத்தின் குறைவைவிட, இந்த மூன்று மாதங்களை எதிர்பார்த்துத் திட்டமிடாமையே என்பது என் அனுபவம். ஆகவே புதுப் பஞ்சாங்கம் கைக்கு வந்தவுடன் முகூர்த்த நாள்களை ஒரு நிறத்திலும், கோயில் விசேஷங்களை வேறொரு நிறத்திலும் குறித்துக்கொண்டு, காலியாகக் கிடக்கும் வாரங்கள் எவை என்று முதலில் பாருங்கள்.

அந்த வாரங்களை நிரப்பக் கோயில்கள் இருக்கின்றன. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்களும் ஆடிப்பூரமும், புரட்டாசியில் பெருமாள் கோயில் உற்சவங்களும் நவராத்திரியும், மார்கழியில் விடியற்காலைப் பூஜைகளும் ஆருத்ரா தரிசனமும் நமக்கு வேலை தருபவை. திருவிழா நெருங்கிய பிறகு கேட்டால் இடம் கிடைக்காது. இரண்டு மாதங்களுக்கு முன்பே விழாக்குழுவினரை நேரில் பார்த்துப் பேசிவிட வேண்டும். மயிலாடுதுறைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திருக்கடையூர் ஒரு பெரிய ஆதரவு. அங்குள்ள கோயிலில் அறுபதாம் கல்யாணமும், எண்பது வயதைக் கடந்தவர்களுக்கான சதாபிஷேகமும் நடக்கும். அறுபதாம் கல்யாணம் பெரும்பாலும் அவரவர் பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் நடப்பது என்பதால், கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்கூட அங்கே மேளம் ஒலித்துக்கொண்டேயிருக்கும். அங்கே புரோகிதம் செய்யும் வாத்தியார்களிடமும் சத்திரத்துக்காரர்களிடமும் உங்கள் கைபேசி எண் இருக்க வேண்டும்.

அடுத்தது பேச்சுவார்த்தை. கலைஞர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தொகையை மட்டும் பேசிவிட்டு மற்றதை மரியாதையின் பொருட்டு விட்டுவிடுகிறோம். எத்தனை பேர் வருகிறோம், மாப்பிள்ளை அழைப்பும் உண்டா அல்லது முகூர்த்தம் மட்டுமா, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பது, வண்டிச் செலவு யாருடையது, இரவு தங்க இடம் உண்டா என்பவற்றை முன்பணம் வாங்கும்போதே ஒரு தாளிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ எழுதி அனுப்பிவிடுங்கள். பாக்கியைத் தரப்போகிறவர் யார் என்பதையும் அன்றே கேட்டு, அவர் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். தாலி கட்டி முடிந்து மேடை சற்று ஓய்ந்தவுடன், பந்திக்குப் போகும் முன்பே அவரைப் பார்த்துக் கணக்கை முடித்துவிட வேண்டும். மண்டபம் காலியாகும் நேரத்தில் பெண்ணின் தகப்பனாரைத் தேடிக்கொண்டு நிற்பது நமக்கும் கௌரவமில்லை, அவருக்கும் சங்கடம். இப்போது சாப்பாடு, பந்தல், மேளம் எல்லாவற்றையும் ஒருவரே மொத்தமாக எடுத்து நடத்தும் வழக்கம் பெருகிவிட்டது. அப்படிப்பட்ட ஒப்பந்தக்காரர்களின் வேலையை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டின் நாள்கள் அனைத்தையும் அவர்களிடமே ஒப்படைத்துவிட்டால், உங்கள் வாசிப்புக்கு விலை சொல்லும் உரிமை உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

செட்டுக்குள், அதாவது சேர்ந்து வாசிக்கும் நம் குழுவுக்குள், பங்கு பிரிப்பதும் வெளிப்படையாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 30,000 ரூபாய்க்கு ஒரு கல்யாணம் பேசியிருக்கிறோம், வண்டிக்கு 5,000 போய்விட்டது என்று கொள்வோம். மீதி 25,000 ரூபாயை ஐந்து பங்காக்கி, இரண்டு நாதஸ்வரத்துக்கும் இரண்டு தவிலுக்கும் ஆளுக்கு ஒரு பங்காக 5,000 ரூபாயும், தாளம் போடுபவருக்கு அரைப் பங்காக 2,500 ரூபாயும் கொடுத்தால், 2,500 ரூபாய் எஞ்சும். அதை யாரும் எடுக்காமல் செட்டின் பொதுப்பணமாக வைப்பது நல்லது. தவிலுக்குத் தோல் மாற்றுவது, நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளியை வாங்குவது, சுருதிப்பெட்டியைப் பழுது பார்ப்பது எல்லாம் இதிலிருந்து நடந்தால், ஒருவர் மட்டும் சுமை தாங்கும் நிலை வராது.

சீவாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு விடியற்காலை முகூர்த்தத்தில், மாலை மாற்றும் நேரத்தில் என் சீவாளி பிளந்துவிட்டது. நாதஸ்வரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த மற்றவை காய்ந்து கிடந்ததால், வாயில் வைத்து நனைத்துப் பதம் பார்த்துப் பொருத்துவதற்குள், உடன் வாசித்தவர் ஒருவராகவே நின்று சமாளித்தார். அன்றிலிருந்து, வாசிக்க உட்காருமுன் இரண்டு சீவாளிகளையாவது நனைத்துப் பதப்படுத்தி, சுருதிக்கு நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே நாதஸ்வரத்தின் மேல்முனையிலுள்ள உலோகக் குழலான கெண்டையில் ஒன்றைச் செருகுகிறேன். திருவாவடுதுறையில் சீவாளி செய்பவர்களிடம் நேரில் சென்று, ஊதிப் பார்த்து வாங்குவதே சிறந்தது. வாத்தியமும் அப்படித்தான்: 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தைச் செய்பவரிடமே சொல்லிச் செய்து வாங்கினால், பின்னால் பழுது பார்க்கவும் அவரே துணையிருப்பார்.

நிலையான சம்பளம் விரும்புவோர் இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களின் பணியிட அறிவிப்புகளைக் கவனித்துவர வேண்டும். தமிழில் எழுதப் படிக்கத் தெரிவதோடு, அரசோ சமய நிறுவனமோ நடத்தும் இசைப்பள்ளியின் சான்றிதழும் அங்கே கேட்கப்படுவது வழக்கம். குருவின் வீட்டில் பத்தாண்டுகள் கற்று நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் இந்த ஒரு தாள் இல்லாமல் திரும்பி வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. குருகுல வாசம் தொடரட்டும். கூடவே மாவட்ட அரசு இசைப்பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பிலும் சேர்ந்துவிடுங்கள். அகில இந்திய வானொலி கலைஞர்களைத் தரம் பிரிக்க நடத்தும் வாசிப்புத் தேர்வையும் விட்டுவிட வேண்டாம். தொடக்க நிலையான ‘பி’ நிலையில் தேறினாலும் அது வாசிப்புக்குக் கிடைத்த அரசு அங்கீகாரம். சபைகளிலும் வெளிநாட்டுக் கோயில்களிலும் அதைக் கேட்பார்கள்.

யூடியூபைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது பொது விதி. அதை எட்டிய பிறகும் சினிமாப் பாட்டை வாசித்துப் போட்டால், பாட்டின் உரிமை பெற்ற நிறுவனம் அந்த வருமானத்தைக் கோரக்கூடும். இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் என்பதால், 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளுக்கு அந்தத் தடையில்லை. சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியும் ராக ஆலாபனையும் நம்முடைய சொத்து. காணொளியின் உண்மையான பயன், உங்களைத் தெரியாத ஒருவர் முன்பணம் கொடுக்குமுன் உங்கள் வாசிப்பைக் கேட்டுவிட முடிகிறது என்பதே.

இரவுப் பயணம் நம் தொழிலோடு ஒட்டிய ஆபத்து. வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். செட்டில் ஒருவர்கூட இது இல்லாமல் வண்டி ஏற வேண்டாம்.

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக, நலிந்த கலைஞர்களுக்கு மாதந்தோறும் நிதியுதவி வழங்கப்படுகிறது. முதுமையில் அதற்கு விண்ணப்பிக்கும்போது, இத்தனை ஆண்டுகள் வாசித்தேன் என்று வாயால் சொன்னால் போதாது, சான்று காட்ட வேண்டியிருக்கும். நம்மில் பெரும்பாலோர் எதையும் சேர்த்து வைப்பதில்லை. உங்கள் பெயர் அச்சிட்ட கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், வானொலி ஒப்பந்தக் கடிதங்கள், மேடையில் வாசிக்கும் புகைப்படங்கள் ஆகியவற்றின் பின்புறத்தில் நாளையும் ஊரையும் எழுதி, இன்றிலிருந்தே ஒரு தகரப் பெட்டியில் போட்டு வாருங்கள்.